சாப்பாட்டுக் கூடத்துக்கு நடந்து போகிறவர்கள்

அந்த முதியோர் இல்லத்தில் பகல் பன்னிரண்டு மணி ஆனால் ஊர்வலம் கிளம்பிவிடும். பேர்தான் ஊர்வலம், வேகம் ஆமை வேகம். இருபத்தேழு பேர் அறைகளிலிருந்து வெளியே வந்து, நீளமான வராந்தாவைக் கடந்து, இரண்டு திருப்பம் திரும்பி, கோடியில் இருக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். சிலர் கைத்தடியோடு, பலர் வாக்கரோடு, சிலர் சுவரில் பதித்த கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிச்சப் பேர் பணிப்பெண்களின் தோளில் கை போட்டுக்கொண்டு. முதல் ஆள் கிளம்பிக் கடைசி ஆள் உட்கார நாற்பது நிமிடம் ஆகும். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம். திரும்பி வருகிற கூத்து தனி.

சக்கர நாற்காலி இல்லாத குறையா என்றால் அதுவும் இல்லை. பதினைந்து நாற்காலிகள் பின்பக்க ஷெட்டில் பிளாஸ்டிக் உறை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமானால் எடுக்கலாம். சாப்பாட்டுக்கு எடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவள், இருபத்தாறு வருஷமாக அந்த இல்லத்தை நடத்திவந்த அம்மாள். அங்கே இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பேர் சார்ஜென்ட்டம்மா. அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவளுக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டாள், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் உண்டு.

எல்லாரும் சந்தோஷமாக நடந்தார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஏழாம் அறைத் தையல்காரம்மா வாசலைத் தாண்டும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"என் காலு, என் வலி. உனக்கென்ன வந்துச்சு? தட்டை இங்க கொண்டாந்து வெச்சா உன் சொத்து கரைஞ்சு போயிடுமா?"

"சாப்பாடு அங்க இருக்கு. வேணும்னா வாங்க, வேணாம்னா படுங்க" என்பாள் சார்ஜென்ட்டம்மா.

"பட்டினி போட்டுக் கொல்லப் பாக்குறா! எல்லாரும் கேட்டுக்குங்க!"

கத்திக்கொண்டே நடப்பாள். கூடம் வந்து சேரும்வரை வாய் ஓயாது. கால் வலி மறந்துபோவதே அப்படித் திட்டுவதில்தான் என்று பணிப்பெண்கள் தங்களுக்குள் சிரிப்பார்கள்.

பஸ் டிரைவர் கதை வேறு. அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து இறக்கினான் மகன். இடது பக்கம் முழுக்கச் செத்துக் கிடந்தது. 'இனிமே படுக்கைதான்' என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாளையும் கையோடு கொண்டுவந்திருந்தான். சார்ஜென்ட்டம்மா அந்தத் தாளைப் படித்து, மடித்து, ஃபைலில் போட்டுவிட்டு, மூன்றாம் நாளே மனிதரைப் பிடித்து உட்கார வைத்தாள். அவர் வாயில் வந்த வார்த்தைகளை இங்கே எழுத முடியாது, முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பதினோரு மாதம் ஆயிற்று. முதல் தடவை தன் காலால் கூடத்துக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு அவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அன்று சார்ஜென்ட்டம்மாவும் சாப்பிடவில்லை. அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த நடையைத்தான் அவள் அந்த வீட்டில் தன்னுடையது என்று நினைத்தாள். கட்டடம் அவளுடையதா என்றால், பாதிதான். அப்பா எழுதிவைத்தது அவளுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி. கல்யாணம் சரியாக அமையாமல் திரும்பி வந்த அவள் இங்கே உட்கார்ந்து உழைத்தாள். தம்பி வேறு ஊரில் வியாபாரம் பார்த்தான். மாதம் ஒருமுறை வந்து, நாலு பேரிடம் சுகம் விசாரித்து, சாப்பிட்டுவிட்டுப் போவான். கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் சண்டை போட்டுத் துரத்தியிருக்கலாம், அதுதான் தொல்லை.

ஒருநாள் வந்தவன் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, எனக்கு என் பங்கு வேணும்."

"என்னடா திடீர்னு?"

"வியாபாரம் படுத்துடுச்சு. ரெண்டு வருஷமா சமாளிச்சுப் பாத்தேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"எவ்வளவு நாள்ல வேணும்?"

"நேத்தே வேணும்க்கா."

அவள் அவன் பங்கை வாங்கிக்கொள்ளப் பார்த்தாள். வங்கியில் இருந்தவர் இல்லத்தின் வரவு செலவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார். லாபம் இருந்தது. மேசையில் வைத்தால் காற்றில் பறந்துவிடும் லாபம். 'இந்த லாபத்துக்கு இவ்வளவு பெரிய கடன் குடுக்க மாட்டாங்கம்மா' என்று அவர் மரியாதையாகத்தான் சொன்னார். விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆனது.

வாங்க வந்த கம்பெனிக்கு ஏற்கெனவே நாற்பது முதியோர் இல்லங்கள். விலை பேசுவதற்கு முன்னால் வீட்டை எடைபோட ஓர் ஆளை அனுப்பினார்கள். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். கையில் ஒரு கடிகாரம், அதை அமுக்கி அமுக்கி நேரம் பிடிப்பார். ஒருவரைக் குளிப்பாட்ட எத்தனை நிமிடம், படுக்கை மாற்ற எத்தனை நிமிடம், மாத்திரை கொடுக்க எத்தனை நிமிடம். முதல் நாள் மதியமே இல்லத்தார் அவருக்குக் கடிகாரக்காரர் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஊர்வலத்தோடு கூடவே நடந்து நடந்து அவர் கால் வீங்கிவிட்டது என்று தையல்காரம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

மூன்றாம் நாள் அவர் அலுவலக அறையில் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த வீட்ல ஒரு விசித்திரம் இருக்கு."

"என்ன?"

"இங்க இருக்கிறவங்க எல்லாரும் ரொம்ப நல்லா இருக்காங்க."

"சந்தோஷம்."

"சந்தோஷம்தான். ஆனா அதுலதான் நஷ்டம்."

அவர் பொறுமையாக விளக்கினார். கட்டணத்தில் இரண்டு வகை. தானாக நடமாடுகிறவர்களுக்கு ஒரு கட்டணம். தூக்கி, நிறுத்தி, உட்காரவைக்க ஆள் வேண்டியவர்களுக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு. எல்லா இல்லங்களிலும் முதல் வகையில் வந்து சேர்கிறவர்கள் ஒன்றிரண்டு வருஷத்தில் இரண்டாம் வகைக்குப் போவார்கள். வருமானம் தானாக ஏறும்.

"இங்க தலைகீழா இருக்கு. ரெண்டாம் வகையில வர்றவங்களை நீங்க முதல் வகைக்கு இறக்கிடுறீங்க."

"இறக்குறேனா, ஏத்துறேனா?"

கடிகாரக்காரர் சிரித்தார். மனிதருக்குச் சிரிக்கத் தெரிந்திருந்தது. "கட்டணத்தைப் பாத்தா இறங்குது மேடம். அதோட, நடத்திக் கூட்டிட்டுப் போக ஆறு பேர், நாற்பது நிமிஷம். சக்கர வண்டின்னா மூணு பேர், இருபது நிமிஷம். ஒரு நாளைக்கு மூணு வேளை, போக வர. நீங்களே போட்டுப் பாருங்க."

"அப்ப வாங்கினதும் நடக்கிறதை நிறுத்திடுவீங்க."

"நான் எதையும் நிறுத்துற ஆள் இல்லை. நேரம் பாக்குற ஆள்."

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு எல்லாரும் நடந்து போவதைச் சார்ஜென்ட்டம்மா கதவருகே நின்று பார்த்தாள். பஸ் டிரைவர் கடைசியில் வந்தார். தினமும் கடைசிதான், அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார், எல்லாரையும் ஏற்றிவிட்டுத்தான் டிரைவர் ஏறுவாராம். 'விக்கிறதுன்னா வித்துடலாம், இவர் மறுபடி படுக்கையில விழுந்தா நான் மனுஷி இல்லை' என்று அவளுக்குத் தோன்றியது.

வக்கீல் அறையில் அவள் ஒற்றைக் காலில் நின்றாள். விலையில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளட்டும், ஒரே ஒரு நிபந்தனை. மூன்று வேளையும் எல்லாரையும் நடத்தித்தான் சாப்பாட்டுக்கு அழைத்துப் போக வேண்டும், அதைப் பத்திரத்தில் எழுத வேண்டும். தம்பி மேசைக்கடியில் அவள் காலை மெல்ல மிதித்தான். அவள் கண்டுகொள்ளவில்லை.

கம்பெனி வக்கீல் வயதான பெண்மணி. அவள் முகம் சுளிக்கவில்லை, மறுக்கவும் இல்லை.

"நல்ல விஷயம்தானே, எழுதிடலாம். ஒரு சின்ன திருத்தம் மட்டும். 'எல்லாரையும் நடத்த வேண்டும்'னு எழுதினா கட்டாயப்படுத்துற மாதிரி ஆயிடும். வயசானவங்களை கட்டாயப்படுத்துறது சட்டப்படி தப்பு, உங்களுக்கே தெரியும். 'நடக்க விரும்புகிறவர்கள் எல்லாரையும்'னு போடலாம். ஒவ்வொரு வேளையும் ஒவ்வொருத்தர்கிட்டயும் கேக்கணும்னும் சேத்துக்கலாம். அவங்க ஆமான்னு சொன்னா, எவ்வளவு நேரம் ஆனாலும் கம்பெனி ஆள் குடுத்து நடத்தணும். சரிதானே?"

சார்ஜென்ட்டம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"தாராளமா கேளுங்க. எங்க ஆளுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. ஒருத்தர்கூட வண்டி கேக்க மாட்டாங்க."

இதைச் சொன்னபோது அவள் பொய் சொல்லவில்லை, வீம்புக்கும் சொல்லவில்லை. அடிமனசிலிருந்து நம்பித்தான் சொன்னாள். அட கடவுளே, இருபத்தாறு வருஷம் தினம் மூன்று வேளை தான் திட்டியதும், மிரட்டியதும், சாப்பாட்டைக் காட்டிக் காட்டி இழுத்ததும் ஒன்றுகூட அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவில்லை. கண்முன்னால் இருந்ததெல்லாம் வரிசையாக நடந்து போகும் இருபத்தேழு பேர். கையெழுத்துப் போட்டாள். தம்பியும் போட்டான். வெளியே வந்ததும் அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கேட்டது கிடைச்சுடுச்சுல்லக்கா?" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. 'கிடைச்சுடுச்சுடா' என்றாள்.

அவள் கிளம்பிய அன்று தையல்காரம்மா, "ஒழிஞ்சுது சனியன்" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். பஸ் டிரைவர் வாசல்வரை தானே நடந்து வந்து நின்றார். புது ஆட்களுக்கு எல்லாரும் பழக வேண்டும், அதனால் கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டார்கள். நியாயம்தானே என்று அவளும் ஒப்புக்கொண்டாள். புது வாடகை வீட்டில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, செய்ய ஒன்றுமில்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் மாதம் உரிமத்தைப் பெயர் மாற்றும் தாள்களில் கையெழுத்துப் போட வரச் சொன்னார்கள். வேண்டுமென்றே பன்னிரண்டு மணிக்குச் சரியாகப் போய் நின்றாள்.

வீடு முன்னைவிடச் சுத்தமாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். சுவருக்குப் புது வண்ணம், ஜன்னல்களுக்குப் புதுத் திரை. மேனேஜராக வந்திருந்த பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். மரியாதையாக எழுந்து நின்று வரவேற்றாள்.

"மேடம், உங்க நிபந்தனையை ஒரு வேளைகூட விட்டதில்லை. வாங்க, நீங்களே பாருங்க."

வராந்தாவில் ஒரு பணிப்பெண் கையில் நோட்டோடு அறை அறையாகப் போய்க்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று சிரித்த முகமாகக் கேட்டாள்.

"அம்மா, நடந்து வர்றீங்களா, வண்டியில வர்றீங்களா?"

"வண்டி."

"ஐயா, நடந்து வர்றீங்களா, வண்டியில வர்றீங்களா?"

"வண்டிதான்மா. இதென்ன தினமும் ஒரு கேள்வி?"

நோட்டில் டிக் விழுந்தது. பின்னாலேயே மூன்று பேர் பளபளவென்று இருந்த புதுச் சக்கர நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தையல்காரம்மா சார்ஜென்ட்டம்மாவைப் பார்த்ததும் கையைப் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். கை மெத்தென்று இருந்தது.

"எப்படி இருக்கீங்க?"

"மகாராணி மாதிரி இருக்கேன். காலே வலிக்கல தெரியுமா?"

திட்டு ஒன்றுகூட வரவில்லை. சார்ஜென்ட்டம்மா காத்திருந்து பார்த்தாள். தையல்காரம்மாவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒருத்தர்கூடவா நடக்கிறேன்னு சொல்லல?" என்று மேனேஜரிடம் கேட்டாள்.

"முதல் வாரம் ஒன்பது பேர் சொன்னாங்க மேடம். நடத்தித்தான் கூட்டிட்டுப் போனோம். அப்புறம் ஒவ்வொருத்தரா விட்டுட்டாங்க. டிரைவர் ஐயா மட்டும் ரெண்டு மாசம் விடாம நடந்தார். ஆனா அவர் வந்து சேர்றதுக்குள்ள மத்தவங்க சாப்பிட்டு முடிச்சு எழுந்து போயிடுவாங்க. காலி ரூம்ல தனியா சாப்பிட பிடிக்கலன்னு அவரே வண்டி கேட்டார்." அவள் நோட்டைப் புரட்டித் தேதியைக் காட்டினாள். பொய் இல்லை. எல்லாம் முறையாக எழுதப்பட்டிருந்தது.

பஸ் டிரைவர் நன்றாகச் சவரம் செய்துகொண்டு, கொஞ்சம் சதை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாம்மா வா. எங்கடா ஆளையே காணோம்னு பாத்தேன்."

"ஏன் ஐயா நடக்கிறதை விட்டீங்க?" சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

அவர் சிரித்துக்கொண்டே, "வாழ்க்கை முழுக்க ஓட்டிட்டேன்மா. இப்பதான் பாசஞ்சரா உக்காந்து போறேன். நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"நல்லா இருக்கா?"

"கேக்குறாங்கல்ல? வண்டி வேணுமா வேணாமான்னு மூணு வேளையும் கேக்குறாங்க. நீ எப்பவாவது கேட்டியா?"

குற்றம் சொல்லுகிற தொனியே இல்லை. உள்ளதைத்தான் சொன்னார். அவளுக்குச் சுரீர் என்றது. நாற்காலி வந்தது. இரண்டு பணிப்பெண்கள் அவரை அலுங்காமல் தூக்கி உட்காரவைத்தார்கள். கால்களை எடுத்து ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்தார்கள். அந்தக் கால்களை வைத்துக்கொண்டு அவர் பதினோரு மாதம் பட்ட பாட்டை அந்தப் பெண்களுக்கு யார் சொல்லியிருக்கப் போகிறார்கள்?

இருபது நிமிடத்தில் கூடம் நிறைந்துவிட்டது. மேசைகளைச் சுற்றி நாற்காலிகளின் சக்கரங்கள். ஒரு சத்தம் இல்லை, சண்டை இல்லை. கழுத்தில் துண்டு கட்டிவிட்டார்கள். மேனேஜர் பெண் கையைத் தட்டி, "எல்லாரும் இங்க பாருங்க, யார் வந்திருக்காங்கன்னு! மேடம், ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றாள்.

இருபத்தேழு முகங்களும் திரும்பின. சார்ஜென்ட்டம்மா 'எல்லாரும் சௌக்கியமா?' என்று கேட்கத்தான் வாயைத் திறந்தாள். சத்தியமாக அதைக் கேட்கத்தான். வந்தது வேறு.

"என்ன உக்காந்துட்டு இருக்கீங்க? எழுந்திருங்க!"

கூடம் அதிர்ந்தது. பாத்திரம் வைத்துக்கொண்டிருந்த பெண் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அடுத்த நொடி, ஐம்பத்துச் சொச்சம் கைகள் நாற்காலிகளின் பிடிகளுக்குப் போயின. யாரும் யாரையும் பார்க்கவில்லை, யோசிக்கவில்லை. முதுகுகள் முன்னால் சாய்ந்தன, தோள்கள் ஏறின, பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாரும் எழுந்திருக்கப் பார்த்தார்கள். ஐந்து பேர் எழுந்து நின்றார்கள். மற்றவர்கள் ஒரு சாண் எழுந்து திரும்ப விழுந்தார்கள், மறுபடி முயன்றார்கள். "இரு, இருடி, வர்றேன், கத்தாதே" என்று தையல்காரம்மா மூச்சு வாங்கினாள். அவள் இடுப்பு நாற்காலியை விட்டு நகரவே இல்லை.

"மேடம், என்ன பண்றீங்க! யாராவது விழுந்தா யார் பொறுப்பு?" மேனேஜர் பெண் பதறிப்போய் ஓடினாள். பணிப்பெண்களும் ஓடினார்கள். நின்ற ஐந்து பேரையும் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, உக்காருங்க" என்று ஒவ்வொரு மேசையாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒவ்வொருவராகக் கையைப் பிடியிலிருந்து எடுத்தார்கள்.

பஸ் டிரைவர் மட்டும் எடுக்கவில்லை. வலது கையால் பிடியை இறுக்கிக்கொண்டு எம்பினார், விழுந்தார். மறுபடி எம்பினார். முகம் செக்கச் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. "வேணாம் ஐயா, விடுங்க" என்று பணிப்பெண் கெஞ்சியது அவர் காதில் ஏறவே இல்லை. கண் சார்ஜென்ட்டம்மாவின் மேலேயே இருந்தது. இடது கால் பலகையிலிருந்து நழுவித் தரையில் பட்டு, நிற்கத் தெரியாமல் மடங்கியது. அப்போதும் அவர் விடுவதாக இல்லை.

அவள் மேசைகளுக்கு நடுவே போய் அவர் முன்னால் நின்றாள்.

"போதும். உக்காருங்க ஐயா."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பிடியை விட்டார். சொன்னபடி உட்கார்ந்துகொண்டார்.